பியானோவுக்குள் ஒரு பல்பு

என் துரைக்கு,

அருண் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஆறு வயதில் அந்த வெள்ளைக்காரன் பெட்டிக்கு, பியானோவுக்கு, முன்னால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நீ உட்கார்ந்த அழகைப் பார்த்து நான் வைத்த பட்டப்பெயர் இது. இருபத்தாறு வயதுக்காரனை இன்னும் துரை, தொரை என்று கூப்பிடுகிறாயே என்று உன் அம்மா திட்டுகிறாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீ என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாயோ தெரியாது. அதனால் முதல் வரியிலாவது என் இஷ்டத்துக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். நீயோ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எழுதத் தெரியாதவன் எழுதி, படிக்கத் தெரியாதவன் படிக்கிற கடிதம் இது. மெதுவாகவே படி. விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்கப் போவதில்லை, முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பியானோ டியூன் செய்கிற ஜோசப் அங்கிள்தான் உன் ரிசைட்டலை, அந்தக் கச்சேரியைக் கெடுத்தார் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தீபாவளி முடிந்த வாரம் அவர் செத்துப்போனார். அடக்கத்துக்குக்கூட நீ வரவில்லை. கெடுத்தது அவர் இல்லை கண்ணு. நான். தை பிறந்ததும் பூனாவுக்கு வேலைக்குப் போகிறாய். அந்தக் கோபத்தையும் துணிமணியோடு மடித்துவைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவாயே என்ற பயத்தில்தான் மூன்று நாளாக இதை எழுதுகிறேன்.

இதை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லாமல், அல்சூர் பக்கம் நம் ஆட்கள் போடுகிற பொங்கல் மலருக்கு ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பாய். அச்சுக்குப் போவதற்கு முன்னால் உன் கையில்தான் கொடுப்பேன். ஆனால் நான் அன்றைக்குச் செய்ததை அறுபது பேருக்கு முன்னால், மைக்கில் செய்தேன். அதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்கள். ஊருக்கே சொல்லிவிட்டு, திருத்தத்தை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது திருத்தம் ஆகாது.

பிரேசர் டவுனில் நம் ஹால் உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் யோகா, மதியம் சீமந்தம், சாயங்காலம் ரிசப்ஷன், ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பெருக்கித் துடைத்துப் பூட்டித் திறக்கிறவன் நான். மேடை ஓரத்தில் அந்தப் பியானோ நிற்கும், யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் அதன் மேல் தாம்பூலப் பைகளை அடுக்குவார்கள். நான் போய், "அது டேபிள் இல்லீங்க, உயிரு இருக்கு, கடிக்கும்" என்று சொல்லி இறக்கிவைப்பேன். உன் அம்மா கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகிற நாட்களில் நீ அந்தப் பியானோவின் அடியில்தான் தூங்குவாய். நாதஸ்வரமும் தவிலும் தலைக்கு மேல் முழங்கும், நீ அசைய மாட்டாய்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஜோசப் வருவான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் வந்தால் வேலை கால்வாசி, என்னோடு வம்பு முக்கால்வாசி. ஒருநாள் அவன் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருக்கும்போது நீ கீழேயிருந்து, "அது இன்னும் கொஞ்சம் எறங்கி இருக்கு அங்கிள்" என்றாய். அவன் கையை நிறுத்தினான். மறுபடி தட்டினான். நீ சொன்னது சரியாக இருந்தது. என் பக்கம் திரும்பி, "இன்னாபா, உன் புள்ளைக்குக் காது இருக்கு. உனக்கு வாய் மட்டும்தான் குடுத்திருக்காரு ஆண்டவரு" என்றான். அடுத்த வாரம் அவனே உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு டீச்சரம்மாவிடம் சேர்த்துவிட்டான். இது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. இல்லையென்றால் அதை நீயே வேண்டுமென்று மறந்திருப்பாய். மறக்கவைத்தவன் நான்.

இப்போது பல்புக்கு வருகிறேன். நீ பாடம் படிக்க ஆரம்பித்த வருஷம், மழைக்கு முன்னால், ஜோசப் அந்தப் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன மஞ்சள் குண்டு பல்பு மாட்டினான். வயரைப் பின்பக்கமாக எடுத்து பிளக்கில் செருகினான். பகலும் இரவும் இது எரிய வேண்டும், அணைந்துபோனால் எனக்கு போன் பண்ணு, நீயாகக் கை வைக்காதே என்றான். எதற்கு என்று கேட்டேன். "உள்ள எலி குடியிருக்குபா. அதுக்கு இருட்டுன்னா பயம்" என்றான். எனக்கு வாய் நீளம் என்றால் அவனுக்கு அதைவிட இரண்டு முழம் நீளம். சிரித்தேன், ஆனால் பாதி நம்பினேன். அதற்கு முந்தின வருஷம் உள்ளே இருந்த கம்பளித் துண்டுகளை எலி கடித்து வைத்ததை நானே பார்த்திருந்தேன். வெளிச்சம் இருந்தால் எலி வராது, அதற்குத்தான் பல்பு என்று எடுத்துக்கொண்டேன். அத்தனை வருஷமும் அப்படியே நினைத்துக்கொண்டு, தினம் குனிந்து பலகை இடுக்கில் மஞ்சள் கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஹாலைப் பூட்டுவேன்.

உன் ரிசைட்டல் ஐப்பசியில். நான் கச்சேரி என்பேன், நீ ரிசைட்டல் என்று திருத்துவாய். ஒரே ஆள், ஒரே பியானோ, ஒன்றரை மணி நேரம், பக்கவாத்தியம் கிடையாது, மைக் கிடையாது, நடுவில் கைதட்டல் கிடையாது. எனக்கு நீ தனியாக ஒரு சட்டம் போட்டாய். "நைனா, அன்னிக்கு நீ மைக்கத் தொடக்கூடாது. சத்தியமா பேசக்கூடாது" என்றாய். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வெளியூர் இசைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு அம்மா உன்னைக் கேட்பதற்கென்றே வருகிறார், அவர் தலையாட்டினால் நீ அங்கே போய்ப் படிக்கலாம் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா கறிச்சோறு விட்டுவிட்டாள்.

பத்து நாள் முன்னால் ஜோசப் வந்து டியூன் செய்தான். காலையிலிருந்து மாலை வரை செய்தான், டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. என்னோடு ஒரு வம்பும் பேசவில்லை, அதிலேயே அவன் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் போன இரண்டாம் நாள் பல்பு போய்விட்டது. முன்பெல்லாம் செய்தது போல அவனுக்குப் போன் செய்திருக்கலாம். ஒரு பல்புக்காகவா அவனைக் கூப்பிடுவது என்று நானே கழற்றிக்கொண்டு மாஸ்க் ரோடு கடைக்குப் போனேன். இந்தக் குண்டு பல்பெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள், எல்.இ.டி. எடுத்துக்கோங்கண்ணா, அஞ்சு வருஷம் வரும் என்றான் கடைக்காரன். மாட்டிவிட்டுப் பார்த்தால் பியானோவின் அடிவயிறு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. எலிக்கு நட்டநடுப் பகல். கை வைத்துப் பார்த்தேன், சுடவே இல்லை. மரத்துக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் கச்சேரிக்கு என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்திருக்கிறேன் என்ற பெருமை.

அன்றிலிருந்து எட்டு நாள் விடாமல் மழை. ஹால் சுவரெல்லாம் வியர்த்தது. அந்த வாரம் முழுக்க ஹாலில் கல்யாணங்கள், நீ வீட்டில் உன் கீபோர்டில்தான் வாசித்துக்கொண்டிருந்தாய். ரிசைட்டல் அன்று மூன்று மணிக்கு வந்து பியானோவைத் தொட்டதும் உன் முகம் மாறியது. கட்டையெல்லாம் கனமாக இருக்கிறது நைனா, ஜோசப் அங்கிளை உடனே வரச்சொல்லு என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "பயந்துட்ட துரை. பொட்டி மேல பழியப் போடாத" என்று உன் முதுகில் தட்டினேன். ஜோசப் பார்வையாளனாக நாலரை மணிக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை, தோளில் எப்போதும் போல டியூனிங் பை. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

முதல் உருப்படி நன்றாகத்தான் போனது, எனக்குத் தெரிந்தவரை. இரண்டாவது மெதுவானது. நடுவில் ஒரு கட்டை கீழே போனது, மேலே வரவில்லை. நீ விரல் நுனியால் நெம்பித் தூக்கிவிட்டு வாசித்தாய். மறுபடி போனது. அப்புறம் பக்கத்துக் கட்டை. அப்புறம் இன்னொன்று. பல் போன கிழவன் பேசுவது போல இடையிடையே காற்றுதான் வந்தது. முதல் வரிசையில் அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். நீ இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு எழுந்து, அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்து, "பத்து நாள் முன்னாடி வந்து என்னதான் அங்கிள் பண்ணீங்க?" என்று கேட்டாய். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜோசப் எழுந்து நின்றான். அவனுக்கே ஒன்றும் புரியவில்லை. ஹாலில் யாரும் பேசவில்லை, கூரைத் தகரத்தில் மழை மட்டும் விழுந்தது. உனக்கே தெரியும், எனக்கு அந்த மாதிரி அமைதி ஆகாது. சாவு வீட்டிலும் யாரையாவது சிரிக்கவைத்துவிட்டுத்தான் வருவேன். கால் தானாகப் போய், கை தானாக அலமாரியைத் திறந்து மைக்கை எடுத்தது. உன் தலைமேல் அடித்த சத்தியம் எங்கே போனது என்று தெரியவில்லை. "யாரும் கோச்சுக்காதீங்க. நம்ம ஜோசப்புக்குக் காது கேக்காம ஒரு வருஷம் ஆச்சு. பியானோவ டியூன் பண்ணல, சும்னே தடவிக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றேன். சிரித்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கன்னடத்தில் சொல்ல, அவரும் சிரித்தார். நீ பின்கதவு வழியாக மழையில் போய்விட்டாய். அந்த அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, என் கையைத் தொட்டு இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் போன பிறகு ஜோசப் மேடை ஏறினான். முட்டிபோட்டுக் கீழ்ப் பலகையைக் கழற்றினான். வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. பல்பின் மேல் உள்ளங்கையை வைத்து, நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது போல வைத்தபடியே இருந்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்தான்.

"சுடுதா?"

"இல்ல."

"அதான்பா. வெளிச்சத்துக்கு இல்ல இது, சூட்டுக்கு. சூடு இல்லைன்னா மழையில கட்டையெல்லாம் ஈரத்தக் குடிச்சு ஊதிக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

நான் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன். எலி என்று சொன்னாயே ஜோசப் என்றேன். எலி என்று சொன்னது தப்புதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் அப்போதே உன்னைத் தேடிக்கொண்டு ஓடுவதற்கு எழுந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"பையனுக்கு இப்ப சொல்லாத. என் மேல கோவம்னா ரெண்டு நாள் இருக்கும், போயிடும். நான் இன்னா, அவன் வூட்லயா சாப்புடறேன்? உன் மேல கோவம்னா உங்க வூட்ல யாருக்கும் சோறு எறங்காது. ரெண்டு நாள் போவட்டும், அப்புறம் நானே சொல்றேன்."

சரி என்றேன். இந்தக் கடிதத்தில் எழுதவே கூசுகிற இடம் இதுதான். பல்பு மாட்டியது தெரியாமல் செய்தது. மைக் எடுத்தது புத்தி கெட்டுச் செய்தது. சரி என்றது தெரிந்தே செய்தது. எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. ஜோசப் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் பல்பை எடுத்து மாட்டினான், என் பல்பைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குடையை விரித்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து அவன் நம் வீட்டுக்கு வந்தான். நீ கதவைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்து, திரும்ப மூடினாய். நான் உள்ளே சமையலறையில் இருந்தேன். எழுந்து வரவில்லை. அவன் அதற்குப் பிறகு வரவில்லை. நீ கீபோர்டை யாருக்கோ கொடுத்துவிட்டாய், ஒரு கம்பெனியில் சேர்ந்தாய், விரலால் மேஜையைத் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாய். இவ்வளவு போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சாப்பிடும்போது நீ என்னோடு மட்டும்தான் பேசுவாய். அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

என் ஜோக் மட்டும் நன்றாகப் பிழைத்துக்கொண்டது. பிரேசர் டவுனில் நடந்து, காக்ஸ் டவுனுக்குப் போய், பள்ளிக்கூடம், சர்ச் என்று சுற்றியது. காது கேட்காத டியூனர் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கம்மனஹள்ளி பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தான். அந்த யூனிபார்ம் அவனுக்குத் தோளில் பெரிதாக இருக்கும். நான் சைக்கிளில் அந்த வழியாகப் போனால் கையைத் தூக்கி, "இன்னாபா, ரெண்டு நாள் ஆச்சா?" என்பான். "நாளைக்கு" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். மூன்று வருஷம், பார்த்தபோதெல்லாம் அதே கேள்வி, அதே பதில். தீபாவளி வாரமும் கேட்டான். அடுத்த வாரம் அந்த நாற்காலியிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். உனக்குச் சொன்னபோது, "அந்த ஆளுக்காக நான் லீவு போட மாட்டேன் நைனா" என்றாய். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போய், மேரி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெண்சாதி, உனக்கு வாழைப்பழக் கேக் கொடுப்பாரே, அவர்தான். சொல்லி முடித்ததும், "தெரியும்ண்ணா, அன்னிக்கு வூட்டுக்கு வந்ததுமே சொன்னாரு" என்றார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் பாத்ரூம் ஸ்விட்சைப் போட்டார். என் பல்பு எரிந்தது. அதை மாட்டும்போது, எலிக்கு லைட்டு போட்ட மகராசன் என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். கடைக்காரன் சொன்னது பொய் இல்லை, அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. பிறகு கதவோரத்தைக் காட்டினார். டியூனிங் பை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதை எடுத்துத் துடைத்துக் கதவோரம் வைப்பானாம், அருண் கூப்பிட்டாலும் கூப்பிடுவான் என்று. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. பூனாவில் நாலு பேர் மத்தியில் பேச்சு நின்றுபோனால் நின்றுபோகட்டும், அதை நிரப்ப உன்னை யாரும் கூப்பிடவில்லை. உன் தப்பை இன்னொருவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்றால், அவன் நல்லவன் என்பதாலேயே அதை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொள். ஒரு ராத்திரி விட்டால் அப்புறம் கை நீளாது. இன்னொன்று, வெளிச்சம் வேறு, சூடு வேறு. இது உனக்கு எதற்கு உதவுமோ தெரியாது. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஹால் பியானோவில் மஞ்சள் பல்பு எரிகிறது. குண்டு பல்பு எந்தக் கடையில் கண்டாலும் வாங்கி அலமாரியில் சேர்த்துவைத்திருக்கிறேன், நான் வேலையில் இருக்கும்வரை போதும். கட்டையெல்லாம் இப்போது லேசாகத்தான் இருக்கிறது, தூசி துடைக்கும்போது தெரிகிறது. தொடுவதற்கு ஆள் இல்லை. வந்து வாசி என்று கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பூனாவுக்குக் கிளம்புகிற அன்று காலையில் மேரி ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போ. பூ வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. ஜெபம் தெரியவில்லை என்றால் வேண்டாம். அவன் தலைமாட்டில் நின்று, "அங்கிள், ரெண்டு நாள் ஆச்சு" என்று மட்டும் சொல்லு. மூன்று வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான், நாளைக்கு என்பதைத் தவிர நான் பதில் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்து துணிப் பெட்டியை எடுத்தாலும் சரி, வராமல் நேரே ரயில் ஏறினாலும் சரி, பெட்டியை உன் அம்மா ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவாள். என் மேல் கோபப்பட எனக்குரிய ரெண்டு நாளை நீ அங்கிருந்து எண்ண ஆரம்பி. அது எவ்வளவு நீளம் என்று நான் கேட்க மாட்டேன்.

உன் நைனா